சேர்த்துக்கிட்டோம்

மங்கையர்க்கரசியிடம் வேலை பழக வந்தபோது சிவசைலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. சீடர் "மேடம்" என்பார், குரு "சார்" என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் ஒன்றுமில்லை.

டயாலிசிஸ் மையங்களுக்கான ஆப் அது. நோயாளிகள் கேட்கும் வசதிகளைப் பட்டியல் போட்டு, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்துவது சிவசைலத்தின் வேலை. அந்தப் பட்டியலை பேக்லாக் என்பார்கள். அவர் கையில் அது அனுமார் வாலாக நீண்டுவிட்டது.

ஒருநாள் கேட்டார்.

"எல்லாமே அவசரமா தெரியுது மேடம். எப்படித்தான் அடுக்கறது?"

"இதுவரைக்கும் யாருக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா சார்?"

"ஒருத்தருக்குக்கூட சொன்னதில்ல." கொஞ்சம் பெருமைதான் மனுஷருக்கு.

குரு பட்டியலின் அடிக்குப் போனார். வெளியூர் போனால் அங்குள்ள மையத்திலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளப் பதிவு செய்யும் வசதி. கேட்டவர் சேலம் செங்கோட்டுவேல்.

"இது வருமா?"

"இப்போதைக்கு வராது. பெரிய வேலை. அவர் கேட்டப்பவே தெரியும்."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"சேர்த்துக்கிட்டோம்னு சொன்னேன். மறுபடி கேட்டார். வரிசையில இருக்குன்னேன்."

"அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

செங்கோட்டுவேல் எடுத்தார். சிவசைலம் தயங்கித் தயங்கி, அந்த வசதி இன்னும் வரவில்லை என்றார்.

"அட, பரவால்லீங்க. அந்தக் காரியமே முடிஞ்சுபோச்சு. பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்டதுங்க அது. மாப்பிள்ளைக்கு நாகர்கோவில். முகூர்த்தம் என் டயாலிசிஸ் நாள்லயே விழுந்துச்சு. நீங்க சேர்த்துக்கிட்டோம்னு சொன்னீங்களா, சரி, அங்கயே டயாலிசிஸும் பண்ணிக்கலாம்னு மண்டபத்தையும் அங்கயே பேசிட்டமுங்க. கடைசியில அந்த ஊரு மையத்துல, என் பதிவைக் கம்ப்யூட்டர் எடுக்கலைன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க. இங்க ஊசியைக் குத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். தாலி கட்டுறதை செல்போன்ல காட்டுனாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், வரிசைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

போன் வைக்கப்பட்டது. சிவசைலத்துக்குக் குருவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"முடியாதுன்னு சொன்னா வருத்தப்படுவாரேன்னுதான் மேடம்..."

"வருத்தப்பட்டிருப்பார்," என்றார் குரு. "கல்யாணத்தை சேலத்துல வெச்சிருப்பார்."