சிறை எண்ணெயில் சுட்ட பணியாரம்

சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது. ஆனாலும் புதிர் கேட்டு உட்கார்ந்துவிட்டீர்கள், சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு நாட்டில் அங்கப்பன் என்றொரு எண்ணெய் வியாபாரி இருந்தான். நல்லெண்ணெயில் பிரமதண்டு எண்ணெயைக் கலந்து விற்றான். பிரமதண்டு தரிசில் சும்மா கிடைக்கும் முள்செடி. அதன் விதையில் எடுக்கும் எண்ணெய் விஷம். வாங்கிச் சமைத்தவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. இருளாயி என்பவளின் ஒரே மகன் அப்படித்தான் செத்தான். அது தெரிந்த பிறகும் அங்கப்பன் கடையை மூடவில்லை, பிடிபடும்வரை விற்றான். இப்படியும் ஒரு பிறவி!

அரசன் அவனைச் சிறையில் போட்டான். அங்கே ஒரு செக்கு இருந்தது. மாட்டுக்குப் பதில் அவனைப் பூட்டினார்கள். சிறையதிகாரி காராளன் அதைத் தண்டனை என்றான். மந்திரியோ, நேர்மையான தொழில் பழகித் திருந்தும் வழி என்று அதையே மெச்சிக்கொண்டார். இழுத்தவன் தோளில் சீழ் வைத்தது. அதை இருவருமே எட்டிப் பார்க்கவில்லை.

விதித்த காலம் முடிந்தது. ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கைதி வெளியே போக வேண்டுமானால், அவனால் பாதிக்கப்பட்டவர்கள் சபைக்கு வந்து அவன் கையால் விளைந்ததை உண்ண வேண்டும். உண்ணாவிட்டால் அவன் சாகும்வரை உள்ளேதான். பிள்ளையைப் பறிகொடுத்தவளை இழுத்து வந்து, கொன்றவன் ஆட்டிய எண்ணெயில் பலகாரம் சுட்டுக் கொடுப்பதாம்! அதைப் பார்க்கக் கூட்டம் வேறு. தூ!

இருளாயியிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. சேவகர்கள் அழைத்து வந்தார்கள். சபை நடுவே பணியாரம் வெந்தது. சீக்கிரம் தின்று தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அங்கப்பன் பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டான்.

"தின்னாத தாயி! இது நான் ஆட்டுன எண்ணெய் இல்ல. பிரமதண்டு கலந்திருக்கு. அந்த வாடை எனக்குத் தெரியாதா?"

எண்ணெய்க் குடம் சுமந்து வந்த சேவகனை அதட்டிக் கேட்டதும் அவன் அரசன் காலில் விழுந்து உண்மையைக் கக்கினான். அங்கப்பன் ஆட்டிய நல்ல எண்ணெயைக் காராளன் சந்தையில் விற்றுவிட்டு, மலிவான கலப்படத்தை வாங்கிக் குடத்தில் நிரப்பியிருந்தான். ஒருத்தி உயிர் போனாலும் அவனுக்கு என்ன?

காராளன் கையில் விலங்கு ஏறியது. அப்போதும் அவன் வாய் ஓயவில்லை. "என்னைத் தண்டிச்சுக்குங்க. ஆனா அவ தின்னல. வழக்கப்படி அவன் உள்ளதான் சாகணும். கொலைகாரனுக்கு வலிக்கத்தான் சிறை."

மந்திரி பூரித்துப்போனார். "பார்த்தீர்களா அரசே, தன் விடுதலையையே தட்டிவிட்டான்! திருந்திவிட்டான். இருளாயி, மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல். உடனே அனுப்பிவிடலாம்."

இருளாயி அரசனைப் பார்த்துச் சொன்னாள்: "அவன் மாறிட்டான், மகாராசா. என் கண்ணால பாத்தேன். ஆனா மன்னிக்க மாட்டேன். எம்புள்ள மண்ணுக்குள்ள கிடக்கான். இவனத் தொறந்து விடுறதும் பூட்டி வைக்கிறதும் உங்க பாடு. அத எதுக்கு என் வாயில திணிக்கிறீங்க?"

வலிக்கத்தான் சிறை என்றான் காராளன். மன்னிப்பு வந்தால்தான் விடுதலை என்றார் மந்திரி. மன்னிக்க மாட்டேன், விடுவது உங்கள் பாடு என்றாள் இருளாயி. இம்மூவரில் யார் சொன்னது சரி?

இருளாயி சொன்னதே சரி. குற்றத்துக்கு விதித்த காலத்தை அவன் கழித்துவிட்டான். அதற்கு மேல் அவனை வலிக்க வைக்க எவனுக்கும் உரிமையில்லை. திருந்தியதற்குச் சாட்சி, அவன் பணியாரத்தைத் தட்டிவிட்டதே போதும். மன்னிப்பு மட்டும் அவளுடைய சொந்தம். அதை அதட்டி வாங்க அரண்மனைக்கு என்ன உரிமை? அரசனுக்கு இது உறைத்தது. சிறைக் கதவைத் திறந்துவிட்டான், அந்தக் கேடுகெட்ட வழக்கத்தையும் நிறுத்தினான். அங்கப்பன் அவள் காலில் விழப் போனான். "எட்டி நில்லு" என்றாள். அவனும் எட்டியே நின்றான்.