நாற்பத்தேழு வெட்டும் ஒரு சோற்றுப் பொட்டலமும்

தூத்துக்குடியில் மீன் விற்கும் அமலோற்பவம் எந்த வெள்ளிக்கிழமையும் புதுப்படத்தைத் தவறவிட்டதில்லை. அன்றும் படம் முடிந்து வெளியே வந்தவளிடம், படம் எப்படி என்று கேட்டு சேனல்காரர்கள் மைக்கை நீட்டினார்கள்.

"போன மாசம் வந்த படங்க மாதிரியேதான். சண்டை நெறைய. ஒரு சண்டையும் மனசுல நிக்கல" என்றாள்.

ரசிகர்களைப் பார்க்க வந்திருந்த தயாரிப்பாளர் தணிகாசலத்தின் காதில் அது விழுந்துவிட்டது.

"ஹீரோ நாற்பத்தேழு பேரை வெட்டுறார். அது நிக்கலையா? இத்தனை பேர் முன்னாடி நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா இதே கேமராவுல மன்னிப்புக் கேளு!"

அமலோற்பவம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்: "வெட்டுப்பட்டவங்கள்ல ஒருத்தன் பேரு சொல்லுங்க, பாப்போம்."

ஒருவருக்கும் தெரியவில்லை. தணிகாசலத்துக்கும்தான்.

"சரி, ஹீரோவுக்கு அவன் அக்கா என்ன சோறு கட்டிக் கொடுத்தா?"

"புளிச்சோறும் சுட்ட கருவாடும்!" கூட்டமே கத்தியது.

"அந்த அக்கா ரெண்டே நிமிசந்தான் வந்தா, அண்ணாச்சி. தனக்கு இல்லாம பானையை வழிச்சுக் கட்டினா பாருங்க, அதுதான் நிக்குது."

தணிகாசலம், கூட வந்திருந்த இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரி இன்னும் நாலு காட்சி எடுத்திருக்கக் கூடாதாய்யா?"

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்தேன் சார். சண்டைக்கு நேரம் பத்தலைன்னு நீங்கதான் வெட்டச் சொன்னீங்க."