புதரில் கிடந்த இரண்டு துப்பாக்கிகள்

"அமலதாசனின் துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது, ஆசானே?"

கோவர்த்தனன் இதைக் கேட்பது முதன்முறையன்று.

மலையடிவாரப் படைக்கலப் பட்டறையில், துப்பாக்கிகளுக்கு டிஜிட்டல் உருமறைப்பு வண்ணம் பூசக் கற்பித்தவர் மார்க்கண்டன். முதலில் மண்ணிறம். அதன்மேல் சிறு சதுரங்களாக டேப் ஒட்டிப் பச்சை. மீண்டும் ஒட்டிக் கறுப்பு. இறுதியில் டேப் முழுவதையும் உரித்தால், நிறங்கள் கட்டங்கட்டமாகச் சிதறி நிற்கும். துப்பாக்கி புதரோடு புதராகிவிடும்.

மாணவர் இருவர், கோவர்த்தனனும் அமலதாசனும். தலைமை வண்ணக்காரர் பதவி ஒன்று.

"அவன் கட்டங்களில் ஒழுங்கே இல்லை."

"இருக்கக்கூடாது என்பதல்லவா பாடம்?"

"எல்லோரும் அவனையே மெச்சுகிறார்கள்."

ஆசான் இருவரின் துப்பாக்கிகளையும் எடுத்துச் சென்று, பட்டறைக்குப் பின்னாலிருந்த முட்காட்டில் தாமே வைத்துவிட்டு வந்தார்.

அவர் ஏவிய படைவீரர்கள் காலை முழுவதும் தேடினர். ஒன்றும் அகப்படவில்லை.

"கோவர்த்தனா, நீ போய் அமலதாசனுடையதைத் தேடு."

போனவன் உடனே திரும்பினான். கையில் அமலதாசனின் துப்பாக்கி.

"பார்த்தீர்களா? குருடனுக்கும் தெரியும்!"

"அத்தனை வீரருக்கும் தெரியவில்லையே."

"பிடியருகே பச்சைச் சதுரங்கள் படிக்கட்டுப்போல் இறங்கும். என் கண்ணுக்குத் தப்புமா? மறைக்கத் தெரியாதவனுக்குப் பதவி எதற்கு? எனக்குத் தாருங்கள்."

"தருகிறேன். உன்னுடையதை எடுத்து வா."

கோவர்த்தனன் சிரித்துக்கொண்டே போனான்.

வெயில் ஏறியது. சட்டை கிழிந்தது. சுற்றிய புதரையே மீண்டும் சுற்றினான். வெறுங்கையோடு வந்து நின்றான்.

"யாரோ திருடிவிட்டார்கள்."

ஆசான் அமலதாசனைப் பார்த்தார். "நீ போ."

"அவனா? நான் பூசியது எனக்கே தெரியவில்லை. அவன் கிழிப்பானோ?"

அமலதாசன் நேராக நடந்தான். கோவர்த்தனன் நெடுநேரம் நின்றிருந்த புதரருகிலேயே குனிந்தான். நிமிர்ந்தபோது கையில் துப்பாக்கி இருந்தது.

"ஆசான் வைத்ததை ஒளிந்திருந்து பார்த்தாயா, திருட்டுப் பயலே?"

"இல்லை."

"பின் எப்படித் தெரிந்தது?"

அமலதாசன் குழலின் முனையைத் தடவினான். அவன் முகம் கடுகடுத்திருந்தது.

"இங்கே ஒரு கறுப்புச் சதுரம் பாதி உரிந்து, நிழல்போல் நிற்கிறது. இதைப்போல் பூச ஓராண்டாக முயல்கிறேன். எனக்கு வரவில்லை."

கோவர்த்தனன் தான் பூசிய அந்தச் சதுரத்தை அப்போதுதான் பார்த்தான்.