அரசிலை ஆள்காட்டியும் ஆலிலை எருமையும்

மூங்கில் காட்டின் நடுவே இருந்த குளத்துக்கு ஆள்காட்டிக் குருவி ஒன்று காவல் இருந்தது. அதன் பெயர் பரிமளம். அதற்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். சிறுத்தை வந்தால் கத்த வேண்டும்.

பரிமளம் சிறுத்தை வந்தால் கத்தியது. வராவிட்டாலும் கத்தியது. சருகு விழுந்தாலும், மேகத்தின் நிழல் ஓடினாலும், தவளை கொட்டாவி விட்டாலும் ஒரே கூச்சல்தான். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் பாதியில் தலைதெறிக்க ஓடுவார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

காவல்காரருக்குக் கூலி கிடையாது. ஆனால் ஒரு சலுகை உண்டு. கரையில் இருந்த சரளைத் திட்டு காவல்காரருக்குச் சொந்தம். வேறு யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது, வெறும் தரையில்தான் முட்டையிடும். பரிமளத்தின் நாலு முட்டைகளும் அந்தத் திட்டில்தான் கற்களோடு கற்களாகக் கிடந்தன.

ஒருநாள் மாசிலாமணி என்ற எருமை வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. உடம்பெல்லாம் சேறு, பெயர் மட்டும் மாசிலாமணி. அந்த வாலைப் பார்த்துப் பரிமளம் போட்ட கூச்சலில், குளத்துத் தலைவி பெரியநாயகி யானையே மிரண்டு, சேற்றில் வழுக்கி, தடாலென்று உட்கார்ந்துவிட்டது. நரி அதைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது. விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்ட யானையால் அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து வேதாசலம் என்ற கிளி ஊரிலிருந்து வந்து சேர்ந்தது. அது முன்பு ஒரு ஜோசியரின் கூண்டில் சீட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிளி. ஜோசியர் கடை விரித்திருந்தது ஒரு பெரிய ஆபீஸின் ஜன்னலுக்குக் கீழே. அந்த ஆபீஸில் வேலைக்கு வருகிறவர்களிடம் கேள்வி கேட்டு, இவர் இன்ன சுபாவம், அவர் இன்ன சுபாவம் என்று பிரிப்பார்கள். கிளி அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டது. கூண்டிலிருந்து தப்பியதும் அதையே தொழிலாகவும் வைத்துக்கொண்டது.

யாராவது அதை ஜோசியம் என்று சொன்னால் கிளிக்குக் கெட்ட கோபம் வரும். “பரிசோதனை” என்று திருத்தும்.

பரிசோதனை நாலு இலைகளில் முடிந்துவிடும். காற்றே இல்லாமல் நடுங்கும் அரசிலை பதற்றக்காரர்களுக்கு. அகன்று கிடக்கும் ஆலிலை நிதானக்காரர்களுக்கு. முகத்துக்கு நேரே கசப்பாகப் பேசுகிறவர்களுக்கு வேப்பிலை. எதிலும் ஒட்டாமல் தனியே இருக்க விரும்புகிறவர்களுக்குத் தாமரையிலை. கிளிக்கு எந்த இலை என்று முயல் கேட்டது. கேள்வி கேட்பவர்களுக்கு இலை கிடையாது என்று கிளி சொல்லிவிட்டது.

காவலுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று பெரியநாயகி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தது. நரி எந்தக் கேள்விக்கும் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் “நாலு பேரைக் கலந்து பேசித்தான் செய்வேன்” என்றே பதில் சொல்லி, நல்ல பெயரும் ஆலிலையும் வாங்கிக்கொண்டு போனது. முள்ளம்பன்றிக்கு வேப்பிலை கிடைத்தது. முயலுக்குத் தாமரையிலை.

இதில் ஒரு நன்மையும் நடந்தது. அதை மறைக்கக் கூடாது. முயலும் முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த வளையில் இருந்துகொண்டு ஒரு கோடை முழுக்கப் பேசாமல் இருந்தவர்கள். முயலுக்குத் திமிர் என்று முள்ளம்பன்றி நினைத்திருந்தது. முள்ளம்பன்றிக்குத் தன்னைப் பிடிக்காது என்று முயல் நினைத்திருந்தது. இலைகளைப் பார்த்த பிறகுதான், ஒன்றுக்குத் தனிமை பிடிக்கும், மற்றதற்கு வாய் கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான் விஷயம் என்று புரிந்தது. அன்று மாலையே இரண்டும் ஒரே கிழங்கைத் தின்றன.

அதைப் பார்த்ததும் பெரியநாயகிக்குக் கிளியின் மேல் அளவில்லாத நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்தது பரிமளத்தின் முறை. “ஒரு சருகு சலசலக்கிறது. நீங்கள் உடனே கத்துவீர்களா, போய்ப் பார்ப்பீர்களா...” என்று கிளி ஆரம்பித்தது. அதற்குள் எங்கோ ஒரு சருகு சலசலத்தது. பரிமளம் கத்திவிட்டது. கிளி மறுபேச்சு இல்லாமல் அரசிலையை எடுத்து நீட்டியது.

அதே கேள்வியை மாசிலாமணியிடமும் கேட்டார்கள். அது அசை போட்டது. வெயில் ஏறியது. வரிசையில் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். கடைசியில் அது, “எந்தச் சருகு?” என்று கேட்டது.

“ஆலிலை!” என்று கிளி சிறகைத் தட்டியது. “இவ்வளவு நிதானத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பொறுப்பான வேலை எதையும் இவரை நம்பிக் கொடுக்கலாம்.”

பெரியநாயகி அங்கேயே உத்தரவு போட்டுவிட்டது. இனி மாசிலாமணிதான் காவல். சரளைத் திட்டும் அதற்குத்தான்.

பரிமளம் யானையின் காலடிக்கு ஓடி வந்தது. “பெரியம்மா, வேலை போனாப் போகட்டும். என் முட்டைங்க அங்கே கிடக்கே. அண்ணன் யாரையும் தடுக்க மாட்டாரு, எல்லாரும் அது மேலே நடக்க ஆரம்பிச்சா நான் எங்கே தூக்கிட்டுப் போவேன்?” என்று கெஞ்சியது.

யானை கிளியைத் திரும்பிப் பார்த்தது. முட்டையைப் பற்றித் தன்னிடம் கேள்வி எதுவும் இல்லை என்று கிளி சொன்னது.

கடைசியில் யானை கொஞ்சம் இரங்கியது. முட்டை பொரியும்வரை பரிமளம் திட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஆனால் கத்தக் கூடாது. கத்தினால் அந்த நிமிஷமே வெளியே போய்விட வேண்டும்.

பரிமளம் அலகில் ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. பாவம், அது பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சருகு விழும்போதெல்லாம் அதன் தொண்டை விம்மும், கண் பிதுங்கும், கல் நறநறக்கும். சத்தம் மட்டும் வராது.

குளக்கரையில் அப்படி ஒரு அமைதியை யாரும் கண்டதில்லை. மான்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன. யானை நின்றபடியே தூங்கியது. எல்லோரும் மாசிலாமணியைப் புகழ்ந்தார்கள். அது எதற்கும் வாயைத் திறக்கவில்லை. அது யாரையும் தடுக்காததால், திட்டைச் சுற்றிக்கொண்டு போகிற வழக்கமும் போய்விட்டது. தண்ணீருக்கு அதுதான் குறுக்கு வழி என்று எல்லோரும் அதன் வழியாகவே நடந்தார்கள். ஒரு மானின் குளம்பு முட்டைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தபோது பரிமளத்துக்கு உயிரே போய் வந்தது.

ஒரு மத்தியானம் நாணலுக்கு நடுவே சிறுத்தை பதுங்கி வந்தது. நேரே ஒரு மான்குட்டியை நோக்கி வந்தது. குட்டி தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தது.

பரிமளம் கல்லைத் துப்பியது. “அண்ணே, நாணலைப் பாருங்க. தெரியுதா?” என்று கிசுகிசுத்தது.

“தெரியுதும்மா. சிறுத்தை” என்றது மாசிலாமணி.

“அப்புறம் ஏன் சும்மா இருக்கீங்க? குரல் கொடுங்க.”

“அவசரப்படக் கூடாது. தண்ணி குடிக்க வந்திருக்கலாம். இந்தப் பக்கமாப் போயிட்டு இருக்கலாம். பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்.”

சிறுத்தை வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

கத்துவதற்குப் பரிமளத்துக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் கத்தினால் கூட்டம் முழுக்க அந்தக் குறுக்கு வழியில்தான் ஓடி வரும். அதன் முட்டைகள் மேல்தான் ஓடி வரும். கத்தாவிட்டால் குட்டி போய்விடும். பரிமளம் குட்டியைப் பார்த்தது. முட்டைகளைப் பார்த்தது. பிறகு எருமையைப் பார்த்தது. இதுவரை எரிச்சல்மூட்டிய அந்த அசையாத உடம்பு, அப்போதுதான் அதன் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

“அண்ணே, நான் கத்தப்போறேன். எல்லாரும் இப்படித்தான் ஓடி வருவாங்க. நீங்க என் முட்டைங்களுக்கு மேலே நாலு காலையும் அகட்டி வெச்சு நில்லுங்க. யார் வந்து மோதினாலும் நகராதீங்க.”

“நகராம நிக்கணும், அவ்வளவுதானே? அது என்னால முடியும்” என்றது மாசிலாமணி.

அது ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு இன்னொரு காலை எடுத்து வைத்தது. அந்த எருமையின் வாழ்க்கையிலேயே அதுதான் மிக வேகமான நடை. பரிமளத்துக்கோ அது ஒரு யுகமாக இருந்தது. நாலாவது கால் ஊன்றியதும் பரிமளம் பறந்து எழுந்து கத்தியது. இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த கத்தல் எல்லாம் சேர்ந்து வந்தது.

காடே அதிர்ந்தது. தாய்மான் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. சிறுத்தையின் நகத்தில் இரண்டு மயிர்கள் மட்டுமே மிஞ்சின. மான்கள், பன்றிகள், யானைகூட, எல்லோரும் சரளைத் திட்டை நோக்கி ஓடி வந்தார்கள். நடுவில் ஒரு கரும்பாறை போல மாசிலாமணி நின்றது. பன்றி மோதியது. அது நகரவில்லை. யானை உரசிக்கொண்டு போனது. அப்போதும் நகரவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து அதன் இருபுறமும் ஓடியது. புழுதி அடங்கியபோது நாலு முட்டைகளும் வைத்தபடியே கிடந்தன.

“போயிடுச்சா?” என்று கேட்டது எருமை. சிறுத்தை போய் நெடுநேரமாகியிருந்தது.

பரிமளம் கீழே இறங்கி வந்து அதன் குளம்பின் மேல் தலையைச் சாய்த்து அழுதது. மாசிலாமணி ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தது. அதற்கும் அது நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தது.

பெரியநாயகி கிளியைக் கூப்பிட்டு, இதுதான் உன் பரிசோதனையின் லட்சணமா என்று பிடிபிடியென்று பிடித்தது.

கிளி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, “என் இலையில் என்ன தப்பு? அது பதற்றக்காரிதான். இவர் நிதானக்காரர்தான். இரண்டும் உண்மை. ஆனால் காவலுக்குப் பதற்றம் வேண்டுமா, நிதானம் வேண்டுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கூண்டிலேயே இருந்தவன். இந்தக் குளத்துக்கு இத்தனை வருஷம் தலைவி நீங்கள்” என்றது.

யானை தும்பிக்கையைச் சுருட்டி, நீட்டி, மறுபடியும் சுருட்டியது. பிறகு எல்லோர் முன்னாலும் பரிமளத்திடம் போய், தான் செய்தது தப்பு என்று சொன்னது. நரி அப்போது சிரிக்கவில்லை.

காவல் மறுபடி பரிமளத்துக்கு வந்தது. சரளைத் திட்டில் யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை மாசிலாமணிக்குப் போனது. படுத்துக்கொண்டே செய்யலாமா என்று மட்டும் அது கேட்டது. செய்யலாம் என்றார்கள்.

சில நாளில் முட்டைகள் பொரிந்தன. நாலு குஞ்சுகளும் முட்டையோட்டை விட்டு வெளியே வந்த உடனேயே எதையோ பார்த்துக் கத்த ஆரம்பித்தன. எல்லோரும் குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டு ஓடினார்கள். பார்த்தால் அது எருமையின் வால். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். தாய்மான் மட்டும் முணுமுணுக்காமல், தன் குட்டியை ஒருமுறை நக்கிவிட்டுத் தண்ணீரில் வாய் வைத்தது.

ஒருவரின் சுபாவம் இன்னது என்று சோதித்து அறிவது நல்லதுதான். ஆனால் வேலை எந்தச் சுபாவத்தைக் கேட்கிறது என்று தெரியாமல் யாரையும் உயர்த்தவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது.