கழற்றுவானை மூலையில் உட்கார வைத்த கிருமி

ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. அதன் கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் கருப்பி என்ற கிருமி குடியிருந்தாள். கரடி பேசும் கதையில் கிருமி பேசக் கூடாதா என்ன? பேசுவாள், கேளுங்கள்.

கருப்பியின் உடலுக்குள் சேதி சொல்லும் புரதம் ஒன்றும், அதை ஏவவும் நிறுத்தவும் இரண்டு புரதங்களும் வேலை பார்த்தன. அந்த இருவரில் ஒருவன் பெயர் ஒட்டுவான். பக்கத்துக் கிருமி வந்து தொட்டால் போதும், சேதிக்காரப் புரதத்தின் முதுகில் பாஸ்பேட் என்ற வேதிப்பொருளால் ஆன ஒரு பொட்டை ஒட்டிவிடுவான். உடனே சேதிக்காரன் ஓடிப்போய், "பசை கொண்டு வா! ஆட்களைக் கூப்பிடு!" என்று கத்துவான். மற்றவன் பெயர் கழற்றுவான். வேலை போதுமான அளவு நடந்ததும் பொட்டைக் கழற்றிவிடுவான். சேதிக்காரன் பேசாமல் உட்கார்ந்துவிடுவான்.

ஒட்டுவானுக்கு இது பொறுக்கவில்லை. "அக்கா, நான் வேலையைத் தொடங்கி வைக்கிறேன், இவன் வந்து நிறுத்திடறான். இவனுக்கு எதுக்குச் சோறு?" என்றான் கருப்பியிடம்.

"நான் நிறுத்தலேன்னா நாம இங்கே இருக்கிறது கரடிக்குத் தெரிஞ்சிடும் அக்கா" என்றான் கழற்றுவான்.

கருப்பிக்கோ பசையால் பெரிய வீடு கட்டும் ஆசை. "நீ கொஞ்ச நாள் சும்மா இரு" என்று அவனை மூலையில் உட்கார வைத்தாள்.

பிறகு கேட்பானேன். ஒட்டிய பொட்டு ஒட்டியபடியே இருந்தது. சேதிக்காரன் தொண்டை வற்றக் கத்தினான். பசை மேல் பசை ஏறியது. வந்த கிருமிகள் தங்கள் சொந்தங்களையும் கூட்டி வந்தன. கருப்பிக்குத் தலைகால் புரியவில்லை. கரடியின் ஈறோ வீங்கி, ரத்தம் கசிந்தது. பாவம், மெத்தென்ற தேனடையைக் கடித்தாலும் அதற்குக் கண்ணீர் வந்தது.

கரடி குரங்கிடம் போனது. "அண்ணே, வாய்க்குள்ள கொஞ்சம் பாருங்களேன்."

"பார்க்கிறேன். நான் கையை எடுக்கிற வரைக்கும் நீ வாயை மூடக் கூடாது, சரியா?" என்றது குரங்கு. வேலங்குச்சியை மென்று நாராக்கி, ஈறோரமாகத் தேய்த்தது. "அடேயப்பா, ஒரு ஊரையே குடி வச்சிருக்கியே!"

பசை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. வந்த சொந்தமெல்லாம் எச்சிலோடு வெளியே போய் விழுந்தது. ஈறின் மடிப்பைப் பிடித்துத் தொங்கிய கருப்பி அலறினாள். "கழற்றுவா, எழுந்திரப்பா, வீடு போகுது!"

அவன் எழுந்தான். பொட்டைக் கழற்றினான். கத்தல் ஓய்ந்தது, பசையும் நின்றது. குரங்கு இன்னொரு முறை தடவிப் பார்த்து, "இனி ஒண்ணும் இல்லை" என்று குச்சியை வெளியே எடுத்தது.

ஈறு ஆறியது. கரடி வாய் நிறையத் தேனடையை மென்றது. மடிப்புக்குள் கருப்பியும் சின்ன வீட்டில் நிம்மதியாக இருந்தாள். ஒருநாள் ஒரு புதுக் கிருமி வந்து தொட்டது. ஒட்டுவான் பொட்டை ஒட்டினான். பசை அளவாக வந்ததும் அவனே திரும்பி, "போதும் தம்பி, கழற்றிடு" என்றான்.

தொடங்கி வைப்பவனைக் கொண்டாடும் வீடு, நிறுத்தத் தெரிந்தவனையும் மதித்தால்தான் நிலைக்கும்.