வாய் திறக்காத கேப்டன்

சிபாரிசுல வந்த ரிப்போர்ட்டரா அவ? சும்மா உளறாதேடா! நம்ம பொற்கொடி அந்த டிவி சேனல்ல மைக் வயர் சுத்திக்கிட்டுக் கிடந்தவ. விளையாட்டுச் செய்தி சொல்லணும்னு ஆசை. கேட்டா, செய்தி ஆசிரியர் தணிகாசலம் சிரிப்பாராம்.

அன்னிக்குக் கபடி இறுதிப் போட்டி. நம்மூரு டீம் தோத்துப்போச்சு. கேப்டன் மாசானம் தோத்தா யார்கிட்டயும் பேசமாட்டான். தணிகாசலமே மைக்கை நீட்டிப் பார்த்தாரு, ம்ஹூம். அந்தக் கடுப்புல, "எங்கே, நீ பேச வை பாப்போம்! வச்சா நாளையிலேருந்து நீதான் ரிப்போர்ட்டர். இல்லேன்னா கடைசிவரைக்கும் வயரோட கிட"ன்னாரு, எல்லார் முன்னாலயும்.

உங்க தாத்தாவும் அப்படித்தான். "எங்க போறீங்க"ன்னா பதில் வராது. "சீட்டாடத்தானே"ன்னா, "உரக்கடைக்குடி!"ம்பாரு. அதை விடு.

இவ மாசானத்தை ஒண்ணுமே கேக்கலை. பக்கத்துல நின்னு கேமராவைப் பார்த்து, "கடைசி ரைடுல கேப்டன் பயந்து நின்னுட்டார், அதான் பிடிபட்டார்"னா.

"யாரும்மா பயந்தது?" மைக்கைப் பிடுங்கிட்டான் மாசானம். "முதல் பாதியிலேயே முழங்கால் பிசகிருச்சு! அதோடதான் ஆடினேன்!" அப்புறம் அழுதுகிட்டே பேசினான் பாரு, நிறுத்தவே முடியலை. அவனைத் திட்டிக்கிட்டிருந்த ஊரே வாயை மூடிக்கிச்சு.

"தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கண்ணே"ன்னு நேரலையிலேயே கும்பிட்டா இவ. அப்புறம் தணிகாசலம் பக்கம் திரும்பி, "இந்த வயரை இனிமே யாரு சார் சுத்துறது?"ன்னா.

தப்பாச் சொன்னா வாய் திறக்கும்னு நம்பலையா? இப்பப் பாரு, சத்தமாச் சொல்றேன். நம்ம சின்ன மருமகளுக்குக் காபி போடவே தெரியாதுடா!

கேட்டுச்சா, அடுப்படியில டபரா சத்தம்? ஏ செண்பகா, ரெண்டு டம்ளராக் கொண்டா!