பாதி மீசை வழக்கு

வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம்! இந்தக் கதையில் ஒரு பாதி மீசை வருகிறது. ஆனால் அவசரப்பட்டுச் சிரித்துவிடாதீர்கள். மீசை இப்போதைக்கு முழுசாகத்தான் இருக்கிறது.

வெகு காலத்துக்கு முன்னால் பவழக்குன்றத்தை வீரகம்பளராயன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம் போடுகிற ராஜா. அவனுடைய காவல் தலைவன் இடிமுழக்கன் ஒருநாள் தொண்டையைக் கனைத்தான்.

"பிரபு! நாளைக்கு நம்மை விசாரிப்பார்களோ என்று பயந்தால், எந்தக் காவலாளி திருடனைப் பிடிப்பான்?"

"அதானே!" என்றான் ராஜா. அன்றே பறையறைந்தார்கள்: கடமையில் காவலாளி எதைச் செய்தாலும், காவல் தலைவன் முத்திரை வைத்து அனுமதித்தால்தான் சபை விசாரிக்கும்.

காவலாளிகள் மேல் புகார் ஓலைகள் வந்து குவிந்தன; முத்திரை ஒருநாளும் விழவில்லை.

அவல் இடிக்கிற அங்காயியின் புருஷன் மாரப்பனைப் பிடித்தார்கள். குடுமிக்குள் திருட்டு நகை இருக்கலாமாம்! மொட்டையடித்துப் பார்த்தார்கள். இல்லை. "விழுங்கியிருப்பான்" என்று சிறையில் தள்ளினார்கள். மூன்று மாதமாயிற்று. அங்காயி புகார் ஓலையோடு போனால், "என் ஆள் மேலேயே புகாரா? போடி, போய் அவலை இடி!" என்றான் இடிமுழக்கன்.

மீசையா? வருகிறது, பொறுங்கள்.

அங்காயி மந்திரி அம்பலவாணரிடம் போய் அழுதாள். ஓலையை வாங்கி வைத்துக்கொண்ட அவர், "அழாதே தாயி. காவல் வேலைக்கு வருகிறாயா?" என்றார். மறுநாளே அரண்மனை உக்கிராண அறை வாசலில், கையில் தடியோடு நின்றாள் அங்காயி.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இடிமுழக்கன் அங்கே அரிசி மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விடுவான். அங்காயி அந்த மீசையைப் பார்த்தாள். அடேயப்பா, எவ்வளவு அடர்த்தி! உள்ளே எத்தனை நகை இருக்குமோ? சந்தேகம் வந்துவிட்டது. கடமை அல்லவா? கத்தியை எடுத்தாள், சரக்! இடது பக்கம் போயிற்று. வலது பக்கம் போவதற்குள் அவன் விழித்துக்கொண்டான்.

இப்போது சிரிக்கலாம். பாதி மீசையோடு அவன் ஓடிவந்ததும் சபையே சிரித்தது.

"நியாயம் வேண்டும் பிரபு! இவளை விசாரியுங்கள்!"

"காவலாளியாயிற்றே! உன் முத்திரை வேண்டுமே?" என்றான் ராஜா.

"இதோ வைக்கிறேன்!"

பவழக்குன்றத்தில் ஓலைக்கட்டின் முடிச்சில்தான் அரக்கு முத்திரை வைப்பார்கள், கட்டுக்கு ஒன்று. மந்திரி ஒரு கட்டை நீட்டினார்.

"என்ன மந்திரியாரே, புகார் இவ்வளவு தடிமன்?"

"உங்கள் மீசை என்ன சின்ன மீசையா?"

அது சரிதான் என்று பட்டது இடிமுழக்கனுக்கு. மோதிரத்தை ஓங்கி அழுத்தினான். "அனுமதித்தேன்!"

மந்திரி கட்டைப் பிரித்து, அடியிலிருந்து ஓர் ஓலையை உருவினார். "பழைய புகார் முதலில், பிரபு. மாரப்பன் வழக்கு."

"நகை கிடைத்ததா?" என்றான் ராஜா.

"இல்லை."

"மூன்று மாதமாக வயிற்றிலேயா இருக்கும்? விடுங்கடா அவனை!"

கண் கூச வந்து நின்றான் மாரப்பன். முள்முள்ளாக முளைத்திருந்த அவன் தலையைத் தடவினாள் அங்காயி. "காவல் தடி உன்னிடமே இருக்கட்டும்" என்று தன் சால்வையை அவளுக்குப் போர்த்தினான் ராஜா.

இடிமுழக்கன் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு துடித்தான். "என் வழக்கு எப்போது?"

"நாற்பத்திரண்டாவது."

"அதற்கு முன்னால் இருக்கிற நாற்பத்தொன்றும் யார் மேல்?"

மந்திரி உடையாத அரக்கோடு முடிச்சை எடுத்து அவன் கண்ணெதிரே காட்டினார்.

இடிமுழக்கன் அரக்கைப் பார்த்தான். மோதிரத்தைப் பார்த்தான். மறுபடியும் அரக்கைப் பார்த்தான்.

"ஐயையோ!" என்றான்.